பிரிந்தோர் சாட்சியம்: தொடக்ககால மோர்மன் வரலாறு குறித்து ஒரு விவாதம்

ஓர் இயக்கத்தின் வரலாற்றை எழுதத் தகுதியுடையோர் யாவர் என்ற வினா எழும்போதெல்லாம் இரு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. உள்ளே நிற்பவர் பற்றினால் எழுதுகிறார். ஆதலால் அவரைச் சற்று எச்சரிக்கையுடன் வாசிக்க வேண்டும் என்பது ஒன்று. உள்ளே நின்று பின்னர் வெளியேறியவர் காழ்ப்பினால் எழுதுகிறார். ஆதலால் அவரை வாசிக்கவே வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளும் ஒரே நடுநிலையிலிருந்து பிறந்தவை போலத் தோன்றினும் நடைமுறையில் அவ்வாறில்லை. முன்னவருக்கு ஆவணக் காப்பகத்தின் திறவுகோல் கிடைக்கிறது. பின்னவருக்குத் துரோகி என்ற பட்டம் கிடைக்கிறது.

இப்பாகுபாட்டைச் சமயத் தலைவர்கள் மட்டுமன்றிக் கல்வியாளர் சிலரும் ஆதரித்துள்ளனர். சமயக் குழுக்களின் சமூகவியலில் பெரும் புலமை பெற்ற பிறையன் வில்சன், ஒரு சமயத்தை விட்டு விலகியவரின் கூற்றினை ஆய்வாளரோ நீதிமன்றமோ நம்பத்தகுந்த சான்றாகக் கொள்ளலாகாது என 1994 இல் வாதிட்டார். அக்கூற்று தவறானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதனை நிறுவுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய மோர்மன் சமயத்தின் தொடக்க வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான சமயங்களின் தொடக்கம் கர்ணபரம்பரைக் கதைகளுள் மறைந்துபோயிருக்க, இச்சமயமோ செய்தித்தாள்களும் நீதிமன்றப் பதிவுகளும் நிறைந்த காலத்திற் பிறந்தது. ஆகவே, விலகிச் சென்றோர் சொன்னவற்றை வேறு சான்றுகளோடு ஒப்புநோக்கும் வாய்ப்பு இங்கே நமக்குண்டு.

1. தோற்றமும் சூழலும்

சமயத்தின் நிறுவுநரான யோசப் சிமித் 1805 டிசெம்பரில் வெர்மொண்ட் மாநிலத்தில், வறுமையால் இடம்பெயர்ந்துகொண்டிருந்த ஒரு விவசாயக் குடும்பத்திலே பிறந்தார். பின்னர் அக்குடும்பம் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பல்மைராவிற் குடியேறியது. 1825 இல் நிறைவுற்ற ஈரிக் கால்வாய் அப்பிரதேசத்தின் வணிகத்தையும் நிலத்தின் விலையையும் மாற்றியமைத்தது. அதே காலத்திற் சமய எழுச்சிக் கூட்டங்கள் ஊர்தோறும் நடைபெற்றன. புதையல் தேடும் வழக்கமும் பரவியிருந்தது. மறைந்த பொருளைக் கல்லொன்றின் துணையோடு காணவல்லவர் எனக் கூறியமை தொடர்பாக 1826 இல் சிமித் ஒரு நீதவான் முன் நிறுத்தப்பட்டார்.

பொற்றகடுகளிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதாகக் கூறப்பட்ட மோர்மன் நூல் 1830 மார்ச்சில் 5,000 பிரதிகளாக அச்சேறியது. அச்சுச் செலவான 3,000 டொலருக்காக மார்ட்டின் ஹரிஸ் என்ற விவசாயி தமது காணியை ஈடு வைத்தார். அவ்வாண்டு ஏப்பிரல் 6 ஆம் திகதி சபை நிறுவப்பட்டது. அடுத்த பதினான்கு ஆண்டுகளுள் அது ஒகையோ, மிசூரி, இலினோய் ஆகிய மாநிலங்களூடாகப் பெயர்ந்து சென்றது.

இப்பெயர்ச்சியின் துன்பத்தை மறைப்பது நேர்மையாகாது. 1838 ஒக்டோபர் 27 ஆம் திகதி மிசூரி ஆளுநர் லில்பேண் பொக்ஸ், மோர்மன்களை மாநிலத்திலிருந்து துரத்த வேண்டும் அல்லது அழித்தொழிக்க வேண்டும் என்ற கட்டளையைப் பிறப்பித்தார். மூன்று நாட்களின் பின் ஹோன் ஆலைக் குடியிருப்பிலே 17 பேர் கொல்லப்பட்டனர். அக்கட்டளை 1976 இலேதான் முறைப்படி நீக்கப்பட்டது. துன்புறுத்தப்பட்ட மக்கள் தம்முள் ஒருவர் பிரிந்து சென்று பேசும்போது அதனைக் காட்டிக்கொடுப்பாகக் கருதுவது இயல்பு. ஆயின், இயல்பானது என்பதனால் அது நியாயமானதாகிவிடாது. வெளியிலிருந்து வரும் அநீதி உள்ளே நிகழும் அநீதிக்குக் கேடயமாக்கப்படுவதை அனுமதித்தால், துன்புறும் சமூகம் எதனுள்ளும் உண்மை பேச இடமிராது.

2. ஒரே இதழோடு முடிந்த பத்திரிகை

மிசூரியிலிருந்து விரட்டப்பட்டோர் இலினோய் மாநிலத்திலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நோவூ என்ற நகரை எழுப்பினர். 1844 இல் சிமித் அந்நகரின் மேயராகவும், நகர நீதிமன்றின் தலைவராகவும், நோவூக் குடிப்படையின் தளபதியாகவும், சபைச் சொத்துகளின் பொறுப்பாளராகவும், இவையனைத்திற்கும் மேலாகத் தீர்க்கதரிசியாகவும் விளங்கினார். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதிப் பதவிக்கும் போட்டியிட்டார். ஒருவரிடமே இத்தனை அதிகாரங்களும் குவிந்த நிலையிலேதான் வில்லியம் லோவின் பிரச்சினை எழுகிறது.

லோ சாதாரண உறுப்பினர் அல்லர். அயர்லாந்திற் பிறந்து, கனடாவில் மதம் மாறி, நோவூவில் ஆலையும் வணிகமும் நடத்தியவர். 1841 முதல் சபையின் அதியுயர் குழுவிலே சிமித்தின் இரண்டாம் ஆலோசகராக இருந்தவர். பலதாரமணத்தை இறைவன் கட்டளையிட்டதாகக் கூறும் வெளிப்பாடு 1843 யூலை 12 ஆம் திகதி எழுத்திலே பதிவாயிற்று. சிமித்தின் சகோதரர் ஹைரம் அதனை லோவிடம் காட்டினார். லோவும் அவர் மனைவி ஜேனும் அதனை ஏற்க மறுத்தனர். 1844 ஏப்பிரல் 18 ஆம் திகதி லோ சபையிலிருந்து நீக்கப்பட்டார். மே 26 ஆம் திகதி பொதுக்கூட்டத்திலே பேசிய சிமித், தமக்கு ஒரு மனைவியன்றி வேறெவரும் இல்லை என்ற கருத்துப்பட மொழிந்தார்.

1844 யூன் 7 ஆம் திகதி லோவும் அவருடைய நண்பர்களும் 'நோவூ எக்ஸ்போசிட்டர்' என்ற பத்திரிகையை வெளியிட்டனர். அதிலே வில்லியம் லோ, ஜேன் லோ, ஒஸ்ரின் கௌல்ஸ் ஆகிய மூவரும் மேற்படி வெளிப்பாட்டைப் பற்றிச் சத்தியக் கடதாசிகள் வழங்கியிருந்தனர். சபையும் ஆட்சியும் ஒன்றாகக் கலந்திருப்பதையும் நகரப் பட்டயம் தவறாகக் கையாளப்படுவதையும் அவ்விதழ் கண்டித்தது. சிமித் முதலிற் போதித்த சமயம் உண்மையானது எனத் தாம் இன்னும் நம்புவதாகவும் அவர்கள் அதே இதழில் அறிவித்தனர். அவர்கள் வேண்டியது சீர்திருத்தமே.

நகரசபை கூடியது. அவ்வெளிப்பாடு முற்காலத்தில் நிகழ்ந்தவற்றைப் பற்றியதே, தற்காலத்திற்குரியதன்று என்று ஹைரம் சபையிலே விளக்கினார். யூன் 10 ஆம் திகதி அப்பத்திரிகை பொதுத் தொல்லையெனத் தீர்மானிக்கப்பட்டது. மேயரின் கட்டளைப்படி அன்று மாலையே அச்சியந்திரம் நொருக்கப்பட்டது. அச்செழுத்துகள் தெருவிலே கொட்டப்பட்டன. லோ சில நாட்களுள் நகரைவிட்டு வெளியேறினார். அச்சகத்தை அழித்தமை தொடர்பாகச் சிறைப்பட்ட சிமித்தும் ஹைரமும் யூன் 27 ஆம் திகதி கார்தேஜ் சிறையிலே கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். அக்கொலை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது. கொலைக்குற்றஞ் சாட்டப்பட்ட ஐவரையும் 1845 இல் யூரிமார் விடுவித்தமை இலினோய் நீதித்துறையின் களங்கமாகும். எனினும், அக்கொலை அச்சகத்தை உடைத்த செயலைத் தூய்மைப்படுத்திவிடவில்லை. பின்னாளில் அச்சபையின் அப்போஸ்தலராக உயர்ந்த சட்ட அறிஞர் தலின் ஓக்ஸ், 1965 இல் எழுதிய கட்டுரையொன்றில், அக்காலச் சட்டப்படி பத்திரிகைப் பிரதிகளை அழித்தமைக்கு ஆதாரம் காட்டலாமேயன்றி அச்சியந்திரத்தை அழித்தமைக்குக் காட்ட இயலாது என்ற முடிவுக்கே வந்தார்.

லோவின் உள்நோக்கங்களை ஐயுறுவோர் உளர். சிமித்துடன் அவருக்கு வணிக முரண்பாடு இருந்தது உண்மை. ஆயின், வினா லோவின் இதயத்தைப் பற்றியதன்று. அவர் சத்தியஞ் செய்து கூறிய செய்தியைப் பற்றியது. 1852 ஓகஸ்டில் யூட்டாவிலே சபை அவ்வெளிப்பாட்டைத் தானே பகிரங்கமாக அறிவித்தது. 2014 இல் சபை வெளியிட்ட கட்டுரையொன்று, கவனமான கணிப்புகளின்படி சிமித்தின் மனைவியர் 30 முதல் 40 வரையினர் என ஒப்புக்கொண்டது. அவர்களுள் ஒருத்தி பதினைந்து வயது நிறையாத சிறுமி என்பதையும், வேறு சிலர் ஏற்கெனவே பிறருக்கு மனைவியராக இருந்தனர் என்பதையும் ஏற்றது. 1844 இல் 'பிரிந்தவன் பொய்' எனப்பட்டது 170 ஆண்டுகளின் பின் 'சபையின் வரலாறு' ஆயிற்று. இடைப்பட்ட காலத்திலே பொய்யர் என்ற பெயரைச் சுமந்தவர் லோ. அதனை அவர்மேற் சுமத்தியோர், அவர் கூறியது மெய்யென அன்றே அறிந்திருந்தனர்.

3. மூன்று சாட்சிகளும் இரட்டை அளவுகோலும்

விலகியோர் சாட்சியம் செல்லாது என்ற விதியைச் சபை தானே கைக்கொள்ளவில்லை என்பது இவ்விடத்திலே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மோர்மன் நூலின் ஒவ்வொரு பிரதியிலும் பொற்றகடுகளைக் கண்டதாக மூவர் அளித்த சாட்சியம் அச்சிடப்பட்டுள்ளது. அம்மூவர் ஒலிவர் கௌடறி, டேவிட் விற்மர், மார்ட்டின் ஹரிஸ் என்போராவர். 1837 டிசெம்பருக்கும் 1838 ஏப்பிரலுக்கும் இடையில் இம்மூவருமே சபைக்குப் புறத்தே தள்ளப்பட்டனர். 

அதற்கான பின்னணி என்ன? ஒகையோவிலுள்ள கேட்லண்ட் நகரிலே சிமித்தும் பிறரும் 1837 யனவரியில் ஒரு நிதி நிறுவனத்தைத் திறந்து நாணயத்தாள்களை வெளியிட்டனர். மாநிலச் சட்டமன்றம் வங்கிப் பட்டயம் வழங்காத நிலையிலே அது திறக்கப்பட்டது. அவ்வாண்டு நாடெங்கும் ஏற்பட்ட நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஆண்டு முடியுமுன்னரே அது வீழ்ந்தது. தீர்க்கதரிசியின் வாக்கை நம்பிப் பணமிட்டோர் பலர் நம்பிக்கையையும் பணத்தையும் ஒருங்கே இழந்தனர். கௌடறியின்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள், சிமித் பிறபெண் தொடர்புடையவர் என மறைமுகமாகக் கூறினார் என்பதும் ஒன்றாகும்.

கௌடறியும் ஹரிஸும் பிற்காலத்தில் மீண்டனர். விற்மர் மீளவேயில்லை. 1887 இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இரு செய்திகள் அருகருகே உள்ளன. தாம் தகடுகளைக் கண்டது மெய் என்பது ஒன்று. 1833 இல் அச்சிட்ட வெளிப்பாடுகளைச் சிமித்தும் பிறரும் 1835 இற் பதிப்பித்தபோது மாற்றினர், அதிகாரப் படிநிலைகளைப் புதிதாகப் புகுத்தினர் என்பது மற்றொன்று. சபையைக் காப்போர் முதற்கூற்றை எடுத்துக்காட்டி, வெளியேற்றப்பட்ட பின்னரும் சாட்சியத்தை மறுக்காதவரின் சொல் எத்துணை வலிமையுடையது எனப் பெருமிதங் கொள்வர். இரண்டாங் கூற்றுக்கு வந்ததும் அதே மனிதர் கசப்புற்ற கிழவராகிவிடுகிறார். ஒரே நூலின் ஒரு பக்கத்தைப் பொன்னாகவும் மறுபக்கத்தைக் குப்பையாகவும் கொள்வது சான்றாய்வு அன்று. 1833 ஆம், 1835 ஆம் ஆண்டுப் பதிப்புகள் இரண்டும் நம்மிடமுள்ளன. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் மாற்றங்களைக் காணலாம். விற்மர் கசப்புற்றிருந்தாரா என்பது அவ்வொப்பீட்டிற்கு வேண்டாத வினா.

4. போன் புறொடியும் ஆவணங்களும்

யூட்டாவிலே மோர்மன் குடும்பத்திற் பிறந்து, பின்னர் நம்பிக்கை இழந்த போன் புறொடி 1945 இல் சிமித்தின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான டேவிட் மக்கே அன்று சபைத் தலைமையில் இருந்தவர், பின்னர் தலைவரானவர். 1946 இல் புறொடி சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்கு மறுப்பாக அவ்வாண்டிலேயே ஹியூ நிப்லி ஒரு சிறுநூல் எழுதினார்.

புறொடி பிழையற்றவர் என நாம் வாதிடவில்லை. சிமித்தின் உள்ளத்துள் நுழைந்து பார்த்தவர்போல அவர் எழுதிய பகுதிகள் ஆய்வாளரால் நியாயமாகவே கண்டிக்கப்பட்டன. சிமித்தின் பிள்ளைகளாயிருக்கக்கூடும் என அவர் கருதிய சிலரைப் பிற்காலத்து மரபணுச் சோதனைகள் அவ்வாறில்லையெனக் காட்டியுள்ளன. இளமையில் இறைவனைக் கண்டதாகச் சிமித் கூறிய கதை 1834 க்குப் பின்னரே உருவாகியிருக்கக்கூடும் என அவர் ஊகித்தார். 1832 இல் சிமித் தம் கைப்படவும் எழுதிய ஒரு குறிப்பு 1960களில் வெளிவந்தபோது, அவ்வூகமும் தகர்ந்தது.

ஆனால் அக்குறிப்பு அதுவரை எங்கே இருந்தது? சபையின் சொந்தக் காப்பகத்திலே இருந்தது. கடிதப் புத்தகத்திலிருந்து அத்தாள்கள் ஒரு கட்டத்தில் வெட்டி நீக்கவும்பட்டிருந்தன. மேலும், 1832 ஆம் ஆண்டுக் குறிப்பிலே ஆண்டவர் ஒருவர் தோன்றுகிறார். 1838 இல் தொடங்கப்பட்ட வரலாற்றிலோ தந்தையும் மகனுமாக இருவர் தோன்றுகின்றனர். கதை காலப்போக்கில் வளர்ந்தது என்ற புறொடியின் அடிப்படைக் கருத்துக்கு அக்குறிப்பு வலுவூட்டவே செய்தது. பூட்டிய அறையின் வெளியே நிற்பவர் உள்ளேயிருப்பதைத் தவறாக ஊகித்தாரெனில், அத்தவற்றில் ஒரு பங்கு பூட்டியவருடையது.

எகிப்தியப் பப்பைரசுச் சுருள்களின் கதையும் இத்தகையதே. 1835 இல் 2,400 டொலருக்கு வாங்கப்பட்ட அச்சுருள்கள், மம்மிகள் ஆகியவற்றின் வழியே ஆபிரகாமின் நூல் கிடைத்ததாகச் சிமித் கூறி 1842 இல் அதனை வெளியிட்டார். அழிந்தனவென்று கருதப்பட்ட சுருள்களின் துண்டுகள் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிற் கண்டெடுக்கப்பட்டு 1967 நவெம்பரில் சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை எகிப்தியரின் ஈமச்சடங்கு சார்ந்த நூற்பகுதிகள் என எகிப்தியவியலாளர் கண்டனர். அத்துண்டுகளிலுள்ள எழுத்துகள் ஆபிரகாம் நூலின் வாசகத்தோடு பொருந்தவில்லை எனச் சபையும் 2014 இல் ஏற்றுக்கொண்டது. அது வேறு விளக்கங்களை முன்வைப்பது அதன் உரிமை. ஆனால், முரண்பாட்டை முதலிற் சொன்னோரை விசுவாசக் குறைவுடையோர் எனத் தள்ளியமைக்கு எவ்விளக்கமும் இல்லை.

5. காழ்ப்பு ஓர் அளவுகோலா?

அவ்வாறாயின், விலகியோர் சொல்வது யாவும் மெய்யா? அன்று. 1842 இற் சபையைவிட்டு நீங்கிய ஜோன் பென்னற், நோவூவின் முதல் மேயராக இருந்தவர். தாமே பெண்களை ஏமாற்றியமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவர். அவர் எழுதிய நூல் மிகைப்படுத்தலும் ஆபாசமும் நிறைந்தது. லோவின் கூற்றை ஏற்கும் நாம் பென்னற்றின் கூற்றை ஐயுறுவது ஏன்? லோவின் கூற்றுக்குப் பிற ஆவணங்களின் துணையுண்டு. பென்னற்றின் கூற்றுகள் பலவற்றிற்கு அது இல்லை. இருவருமே வெளியேறியவர்கள் என்பது இவ்வேறுபாட்டை அறிய உதவவில்லை.

எதிர்த்திசையிலும் இரு சான்றுகள் உண்டு. 1857 செப்டெம்பர் 11 ஆம் திகதி யூட்டாவின் தென்பகுதியிலே, மலைப்புல்வெளி எனப்படும் இடத்தில், கலிபோர்னியா நோக்கிச் சென்ற ஏறத்தாழ 120 பயணிகளை மோர்மன் குடிப்படையினர் கொன்றனர். அப்படுகொலையின் உண்மையை 1950 இல் வெளிக்கொணர்ந்த ஜுவனீற்றா புறூக்ஸ் இறுதிவரை சபை உறுப்பினராகவே வாழ்ந்தார். அவர் எழுதியதும் சபைக்குக் கசப்பாகவே இருந்தது. ஆகவே கசப்பு வெளியேறியவர் நெஞ்சில் மட்டும் ஊறுவதன்று. சில வேளைகளில் அது நிகழ்ந்தவற்றிலேயே உள்ளது.

மற்றைய சான்று ஜெரல்ட் ரனருடையது. இவரும் இவருடைய மனைவி சண்ட்ராவும் இளமையில் அச்சபையை விட்டு நீங்கி, அதன் பழைய ஆவணங்களை மறுபதிப்புச் செய்து விமர்சிப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர்கள். 1980களில் மார்க் ஹொவ்மன் என்பவர் சபையின் தொடக்க வரலாறு சார்ந்த அரிய ஆவணங்களைக் கண்டெடுத்ததாகக் கூறி விற்றுவந்தார். அவற்றுள் ஒரு கடிதம், பொற்றகடுகளை வெள்ளைப் பல்லி போன்ற ஒரு பிராணி காத்துநின்றதாகக் கூறி, சமயத்தின் தோற்றத்தை மந்திரவாதத்தோடு பிணைத்தது. ரனருடைய விமர்சனத்திற்கு இதனினும் உகந்த ஆயுதம் வேறில்லை. சபைத் தலைவர்களும் வரலாற்றாசிரியர் பலரும் ஹொவ்மனை நம்பியிருந்த 1984 இல், அக்கடிதம் போலியாக இருக்கக்கூடும் எனப் பகிரங்கமாக எழுதியவர் ரனரே. தம் கள்ளம் வெளிப்படும் என அஞ்சிய ஹொவ்மன் 1985 ஒக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றார். 1987 இற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காழ்ப்பே பிரிந்தோரை இயக்குகிறது என்போர் இந்நிகழ்வுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

6. ஏமாற்றத்தின் எல்லை

பிரிந்தோருக்கும் நாம் ஒன்று கூறவேண்டியுள்ளது. நம்பிக்கை இழந்தவர் எளிதில் விழக்கூடிய குழியொன்றுண்டு. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்ததும், அனைத்து வரலாற்றையும் ஒரு மனிதனின் வஞ்சகமாகச் சுருக்கிவிடுவதே அது. வஞ்சகம் என்ற ஒரு சொல், மிசூரியிற் குடிசை எரியக் கண்டும் நம்பிக்கை கைவிடாத பெண்ணை விளக்காது. 1837 முதல் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களிலே ஆயிரக்கணக்கானோர் அச்சமயத்தைத் தழுவி அத்திலாந்திக்கைக் கடந்தமையையும் விளக்காது. நிலமற்றோருக்கு நிலத்தையும், சிதறிய குடும்பங்களுக்கு ஒரு சமூகத்தையும், நிச்சயமற்ற வாழ்வுக்கு ஒரு பொருளையும் அவ்வியக்கம் தந்தது. குறைந்தபட்சம் தருவதாக வாக்களித்தது. அவ்வாக்கின் வலிமையை உணராதவர் அது மீறப்பட்டதன் கொடுமையையும் உணரார்.

இவ்வகையில் 1839 இல் ஜோன் கொறில் எழுதிய சிறு வரலாறு நமக்கு முன்மாதிரியாகும். ஒகையோ தொடக்கம் மிசூரிவரை சபையின் பொறுப்புகளை வகித்த அவர், ஏமாற்றமுற்று விலகிய பின்னர் அதனை எழுதினார். சபையின் தவறுகளைக் கூறிய அதே நிதானத்தோடு, சபையினருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும் கூறினார். தாம் ஏன் நம்பினார் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

விலகியவர் இரு உலகங்களையும் அறிந்தவர். உள்ளே பயிலும் மொழியின் பொருளும், வெளியே சொல்லப்படாதவற்றின் இடமும் அவருக்குத் தெரியும். அவருடைய சொல்லை ஏனைய சொற்களைப் போலவே ஆவணத்தோடு வைத்து ஆராய்க, பொருந்தினால் ஏற்க, பொருந்தாவிடின் தள்ளுக. ஆராயுமுன்னரே தள்ளுவது அச்சியந்திரத்தை உடைத்தவரின் பணியை நூலகத்திலிருந்து தொடர்வதாகும். இது சமய வரலாற்றுக்கு மட்டும் உரிய விதியன்று. கட்சியாயினும், இயக்கமாயினும், அறிவுக் குழுவாயினும், தன்னை விட்டு நீங்கியோரின் குரலை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டே அதன் வரலாற்றெழுத்தின் நேர்மையை அளவிடல் வேண்டும். பல்கலைக்கழகத்திலே பயில்வோரும் பயிற்றுவோரும் அவ்வளவுகோலைத் தமக்கு அந்நியமான சமயத்தின்மீது மட்டும் பிரயோகித்துவிட்டு அமைதியடைவார்களாயின், இவ்வரலாற்றிலிருந்து அவர்கள் எதனையும் கற்றுக்கொண்டவர் ஆகார்.